பத்தொன்பது கிலோபைட்: கெர்னல் செய்திகளை நிலை பார்த்து வெட்டிய கதை

என்னிடம் உள்ள ஒரு சிறிய மின்னணுப் பலகையில், லினக்ஸின் மையமான கெர்னலுக்கென்று ஒதுக்கியிருந்த ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்பு) பகுதி 2 எம்பி. பைட் கணக்கில் 20,97,152. என் கையில் இருந்த கெர்னல் கோப்பு அதைவிட 19 கிலோபைட் பெரிதாக இருந்தது. இந்தப் பதிவு அந்தப் பத்தொன்பதைப் பற்றியதுதான்.

வன்பொருள் பழையது: 32 பிட் மிப்ஸ் செயலி, 8 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி நினைவகம். அதில் லினக்ஸ் 6.6 ஓட வேண்டும். ஃபிளாஷின் பகுதி எல்லைகளை மாற்ற முடியாது. கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் பூட்லோடர் அந்த முகவரிகளை நம்பித்தான் இயங்குகிறது. கெர்னலை எல்இசட்எம்ஏ முறையில் சுருக்கித்தான் வைத்திருந்தேன், ஆகவே சுருக்கும் முறையை மாற்றிப் பெரிதாக எதுவும் மிச்சம் பிடிக்க வழியில்லை.

வழக்கமான வெட்டுகளை எல்லாம் முன்பே முடித்திருந்தேன். பலகையில் இல்லாத வன்பொருளுக்கான டிரைவர்கள், தேவையில்லாத கோப்பு முறைமைகள், பிழை தேடுவதற்கான டீபக்எஃப்எஸ், கெர்னலுக்குள்ளேயே அமைப்புக் கோப்பைப் பொதிந்து வைக்கும் ஐகேகான்ஃபிக் எல்லாம் போயின. வேகத்தைவிட அளவுக்கு முன்னுரிமை தரும்படி, மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குச் சொல்லியாயிற்று. யாரும் அழைக்காத ஃபங்ஷன்களை, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கரே உதறிவிடும் வசதி மிப்ஸுக்கு உண்டு, அதையும் போட்டுவிட்டேன். ஃபங்ஷன் பெயர்ப் பட்டியலான கால்சிம்ஸை எடுத்ததும் நல்ல இடம் கிடைத்தது. டைனமிக் டீபக் ஏற்கெனவே அணைந்திருந்தது. அது எல்லா டீபக் செய்திகளையும் கெர்னலுக்குள் இழுத்து வந்துவிடும். கெர்னலின் டெக்ஸ்ட் (நிரல் பகுதி) அளவு சுமார் 2 விழுக்காடு கூடும் என்று அந்தத் தேர்வின் உதவிக் குறிப்பே சொல்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் 19 கிலோபைட் இடித்தது.

நிலைமையைக் கேட்ட நண்பர் ஒருவர் உடனே சொன்னார்: "பூட் வரியில் குவயட் என்று போடு. கெர்னல் எவ்வளவு வளவளக்கிறது பார்த்தாயா? அதை நிறுத்தினாலே சின்னதாகிவிடும்."

இதே எண்ணம் பலரிடம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்குகிறேன். பூட் வரி என்பது தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் தேர்வுகளின் வரி.

கெர்னல் செய்திகளுக்கு எட்டு நிலைகள். 0 எமர்ஜென்சி, 1 அலர்ட், 2 கிரிட்டிக்கல், 3 எர்ரர், 4 வார்னிங், 5 நோட்டீஸ், 6 இன்ஃபோ, 7 டீபக். எண் சிறியதானால் அவசரம் பெரிது. 1980களில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலோடு சேர்த்து எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக் என்ற செய்திப் பதிவு முறையின் வரிசைதான் இது. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 என்ற இணையத் தர ஆவணத்திலும் இதே எட்டுதான். கெர்னல் செய்தி எழுதுவது பிரிண்ட்கே என்ற அழைப்பின் வழியாக. நிலை எதுவும் குறிப்பிடாமல் வெறும் பிரிண்ட்கே என்று எழுதினால், வழக்கமான அமைப்பில் அது 4 என்று கொள்ளப்படும்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில், பிராக் அடைவின் கீழ் சிஸ், அதற்குள் கெர்னல், அதற்குள் பிரிண்ட்கே என்று ஒரு கோப்பு இருக்கும். திறந்தால் நான்கு எண்கள். பெரும்பாலும் 7 4 1 7 என்று காட்டும். முதல் எண் திரைக்கான வரம்பு, இரண்டாவது நிலை குறிக்காத செய்திக்குத் தரப்படும் நிலை, மூன்றாவது திரை வரம்பை எவ்வளவு வரை இறக்கலாம் என்பது, நான்காவது திரை வரம்பின் இயல்பு மதிப்பு. வரம்பைவிடக் குறைவான எண் கொண்ட செய்தி மட்டுமே திரைக்கு வரும். சமமாக இருந்தால் வராது. பலரும் வழுக்குகிற இடம் இதுதான்: குவயட் போட்டால் வரம்பு வழக்கமாக 4 ஆகும், எனவே 0 முதல் 3 வரை மட்டும் தெரியும், வார்னிங்குகள் தெரியாது.

திரைக்கு வராத செய்தி எங்கே போகிறது? எங்கும் போகவில்லை. நினைவகத்தில் செய்திகளைச் சேர்த்துவைக்கும் லாக் பஃபரில் அப்படியே இருக்கிறது, டிமெசேஜ் கட்டளை கொடுத்தால் வரும். ஃபிளாஷில் இருக்கும் கெர்னல் கோப்பிலோ ஒரு பைட்கூட மாறவில்லை. குவயட் என்பது வாசலில் திரை போடுவது, வீட்டுக்குள் இருக்கும் சாமான் குறையாது.

குவயட்டால் லாபமே இல்லை என்று சொல்லமாட்டேன். என் பலகையின் சீரியல் கன்சோல் (ஒரு வயர் வழியாகச் செய்திகளைத் திரைக்கு அனுப்பும் இணைப்பு) விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஓடுகிறது. ஓர் எழுத்துக்கு 10 பிட் என்றால் விநாடிக்கு 11,520 எழுத்துகள். 16 கிலோபைட் செய்தி வெளியேற ஏறக்குறைய 1.4 விநாடி ஆகும். அந்த நேரம் மிச்சமாகும். எனக்குத் தேவைப்பட்டதோ நேரமல்ல, இடம்.

ஒரு செய்தி உண்மையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பிரித்துப் பார்த்தேன். முதலில் அந்த வாக்கியத்தின் எழுத்துகள். அவற்றுக்கு முன்னால் நிலையைச் சொல்லும் இரண்டு பைட்டுகள்: மதிப்பு 1 கொண்ட ஒரு கட்டுப்பாட்டு எழுத்து, அடுத்து நிலையின் எண். 2012இல் வந்த லினக்ஸ் 3.6க்கு முன்பு இது கோண அடைப்புக்குள் எண் போட்டு மூன்று பைட்டாக இருந்தது. ஒரு செய்திக்கு ஒரு பைட் மிச்சம் பிடித்தார்கள். கடைசியில் முடிவைக் குறிக்கும் பூஜ்ஜியம். மிப்ஸில் இந்த எழுத்துச் சரங்கள் நான்கு பைட் எல்லையில்தான் தொடங்கும், அதனால் நடுவில் கொஞ்சம் வெற்றிடமும் விழும். இதுபோக அழைக்கும் நிரல்: சரத்தின் முகவரியை ஏற்ற இரண்டு கட்டளை, தாவ ஒன்று. ஒவ்வொன்றும் 4 பைட். வேறு தகவலே இல்லாத எளிய செய்திக்கே 12 பைட். செய்திக்குள் காட்ட வேண்டிய மதிப்பு ஒவ்வொன்றுக்கும் மேலும் கட்டளைகள். ஆயிரக்கணக்கான செய்திகள் இருக்கும் கெர்னலில் இது சில்லறைக் கணக்கல்ல.

மொத்தமாக அணைத்துப் பார்த்தது

கெர்னலின் மெனுவில், எக்ஸ்பர்ட் என்ற தேர்வைப் போட்ட பிறகு மட்டும் தெரியும் ஒரு வரி இருக்கிறது: பிரிண்ட்கே ஆதரவு வேண்டுமா, வேண்டாமா. வேண்டாம் என்று வைத்தேன். கம்பைல் முடிந்ததும் பார்த்தால் கோப்பு பகுதிக்குள் தாராளமாக அடங்கியது.

பூட் செய்தேன். "ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்று பூட்லோடர் சொன்னது, பிறகு சில விநாடி மௌனம், பிறகு கட்டளைகளை வாங்கும் ஷெல் வந்து நின்றது. பயனர் பக்க நிரல்கள் எழுதுவது கன்சோலுக்கு நேராகப் போவதால் அதற்குத் தடையில்லை. டிமெசேஜ் மட்டும் எதுவும் தர மறுத்தது, கெர்னல் செய்திகளை வாசிக்க உதவும் கேஎம்எஸ்ஜி சாதனக் கோப்பும் இல்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து இன்னும் கொஞ்சம் இடம் பிடிக்கலாம் என்று அமைப்பில் சில தேர்வுகளை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். "ஸ்டார்ட்டிங் கெர்னல்". பிறகு ஒன்றுமே இல்லை.

இரண்டு மாலைகள் போயின. ஏற்றும் முகவரி தவறா என்று பார்த்தேன். சீரியல் வயரை மாற்றினேன். ஃபிளாஷில் எழுதியதை வாசித்து மூலக் கோப்போடு பைட் பைட்டாக ஒப்பிட்டேன், இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கெர்னல் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. பேனிக் ஆனால்கூட, அதாவது கெர்னல் மீள முடியாமல் நின்றுபோனால்கூட, அதன் கடைசிச் செய்தி பிரிண்ட்கே வழியாகத்தான் வரவேண்டும். அந்த வாயைத்தான் நான் அடைத்துவிட்டேனே.

மூன்றாம் நாள், முதல் மணி நேரத்திலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பிரிண்ட்கேயைத் திரும்பப் போட்டு, பெரிதான கெர்னலை ஃபிளாஷில் எழுதாமல், நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் டிஎஃப்டிபி வழியாக நேராக நினைவகத்தில் ஏற்றினேன். அங்கே 2 எம்பி கட்டுப்பாடு கிடையாது. சுருக்கிய கோப்பு முறைமையைப் படிக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் ஒரே வரியில் சொல்லிவிட்டது: இந்தக் கோப்பு முறைமை எக்ஸ்இசட் சுருக்கத்தில் இருக்கிறது, அதற்கு ஆதரவு இல்லை. அதன் கீழே, 31,2 என்ற சாதனத்திலிருந்து ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று பேனிக். 31 என்பது ஃபிளாஷ் பகுதிகளுக்கான மேஜர் எண். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸின் துணைத் தேர்வுகளில் எக்ஸ்இசட்டை நானேதான் எடுத்திருந்தேன். திரும்பப் போட ஐந்து விநாடி ஆயிற்று.

செய்திகளே இல்லாத கெர்னலை இந்தப் பலகையில் வைக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சின்ன ஒரு சென்சாருக்குள் பல ஆண்டு மாறாமல் ஓடப்போகும் கெர்னல் என்றால் அது வேறு விஷயம். அங்கே மொத்தமாக அணைப்பது நியாயம். நான் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கப்போகும் பலகை இது. எர்ரர் வரிகள் ஒவ்வொன்றும் எனக்குத் தேவை. "இன்ன டிரைவர் பதிவாயிற்று, பதிப்பு இன்னது" என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் இன்ஃபோ வரிகள் தேவையில்லை.

இதில்தான் சிக்கல். நிலைகள் எட்டு இருந்தாலும், கம்பைல் நேரத்தில் கெர்னல் தரும் தேர்வு இரண்டே இரண்டு: எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. டீபக் நிலைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, கேட்டால் ஒழிய அது கம்பைல் ஆகாது. மற்ற ஏழுக்கும் நடுவில் கோடு கிழிக்க மெனுவில் இடமில்லை.

கோட்டை நானே கிழித்தது

லினக்ஸ் 5.15லிருந்து பிரிண்ட்கே என்பது நேரடி ஃபங்ஷன் அல்ல, ஒரு மேக்ரோ (கம்பைலுக்கு முன் வேறு நிரலாக விரிக்கப்படும் பெயர்). உண்மையான ஃபங்ஷன் அதன் பின்னால், பெயருக்கு முன்னே அடிக்கோடு போட்டுக்கொண்டு நிற்கிறது. எனவே மேக்ரோவைத் தொட்டால் போதும். நிலையைப் பெயரிலேயே கொண்ட பிஆர்-இன்ஃபோ, பிஆர்-நோட்டீஸ் முதலானவை எல்லாம் அதன் வழியாகவே வருகின்றன.

யோசனை எளிது. செய்தியின் சரம் கம்பைல் நேரத்திலேயே தெரிந்த மாறிலியாக இருக்கிறதா? இருந்தால் அதன் முதல் பைட் 1 என்ற கட்டுப்பாட்டு எழுத்தா? ஆம் என்றால் இரண்டாவது பைட் நான் வைத்த வரம்பைவிடப் பெரிதா? பெரிதானால் அழைப்பு "ஒருபோதும் உண்மையாகாத இஃப்" ஒன்றுக்குள் போகட்டும். கம்பைலர் அந்த நிபந்தனையைத் தானே கணக்கிட்டு, அழைப்பையும் அதோடு சேர்ந்த சரத்தையும் தூக்கி எறிந்துவிடும். அப்படியும் செய்தியின் வடிவத்துக்கும் மதிப்புகளின் வகைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்ற சோதனை நடந்துகொண்டேதான் இருக்கும். இதற்காகவே வெற்று மேக்ரோ வைக்காமல் இஃப் வைத்தேன்.

சாதனங்களின் செய்திக்கான டெவ்-இன்ஃபோ, நெட்வொர்க் சாதனங்களுக்கான நெட்டெவ்-இன்ஃபோ குடும்பங்கள் தனி. அவை பிரிண்ட்கே மேக்ரோவைத் தொடாமல் தங்கள் சொந்த ஃபங்ஷன்களுக்குப் போகின்றன. அவற்றின் ஹெடர் கோப்புகளிலும் இதே வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. நிலையைச் சரத்திலேயே ஒட்டாமல் ஒரு மதிப்பாக அனுப்பும் அழைப்புகளும் சில உண்டு. அவற்றின் முதல் எழுத்து விழுக்காட்டுக் குறியாக இருக்கும். அவை என் வலையில் சிக்காமல் தப்பிக்கும். தப்பட்டும் என்று விட்டேன், ஏனென்றால் பெரும்பாலும் அவை ஸ்டாக் விவரம் அச்சிடும் இடங்கள்.

வரம்பை 4 என்று வைத்து முதல் கம்பைல். கோப்பு பகுதிக்குள் அடங்கியது. இந்த முறை அவசரப்பட்டு மகிழவில்லை. சுழியம் முகவரியில் எழுதுகிற ஒரு சின்ன சோதனை மாட்யூலை வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தேன். தவறு நடந்தால் என்ன தெரியும் என்பதுதானே இந்த வேலையின் நோக்கம்.

தவறு நடந்ததும் கெர்னல் எழுதும் ஊப்ஸ் அறிக்கை வந்தது. செயலியின் ரெஜிஸ்டர் அட்டவணையும் வந்தது: டாலர் 0, டாலர் 4, டாலர் 8 என்று வரிசையாகத் தலைப்புகள். ஒன்றின் எதிரிலும் மதிப்பு இல்லை.

கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு மிப்ஸின் டிராப்ஸ் கோப்பைத் திறந்து பார்த்ததும் தெரிந்தது. தலைப்பை வெறும் பிரிண்ட்கே அச்சிடுகிறது, அதே வரியில் மதிப்புகளைப் பிஆர்-கான்ட் ஒட்டிக்கொண்டே போகிறது. "முந்தைய வரியின் தொடர்ச்சி" என்று சொல்ல, அந்தத் தொடர்ச்சி அழைப்பு நிலை எண்ணின் இடத்தில் ஆங்கிலச் சிறிய 'சி' எழுத்தை வைக்கிறது. என் நிபந்தனையோ "இரண்டாவது பைட் வரம்பைவிடப் பெரிதா" என்று மட்டும் கேட்டது. ஆஸ்கியில் எண் 4இன் மதிப்பு 52, 'சி'யின் மதிப்பு 99. எனவே தொடர்ச்சிகள் எல்லாம் மிக அற்பமான செய்திகளாகக் கணக்கிடப்பட்டு வெட்டுப்பட்டுவிட்டன.

இரண்டாவது பைட் 0 முதல் 7 வரையிலான எண்ணாக இருந்தால் மட்டும் ஒப்பிடு என்று நிபந்தனையைத் திருத்தினேன். மதிப்புகள் திரும்பி வந்தன. கூடவே எதிர்ப்பக்கத் தொல்லை ஒன்று முளைத்தது: வெட்டப்பட்ட இன்ஃபோ செய்தியின் தொடர்ச்சித் துண்டு மட்டும் தலையில்லாமல் வந்து நின்றது. என் அமைப்பில் அப்படி மூன்று இடங்கள் கண்ணில் பட்டன, அவற்றைக் கையால் சரிசெய்தேன். தொடர்ச்சித் துண்டுக்குத் தன் தாய் வரியின் நிலை கம்பைல் நேரத்தில் தெரியாது. பொதுவான தீர்வு இதற்குக் கிடைக்கவில்லை. தலையில்லாத வரி வந்தால் எரிச்சல்தான். மதிப்பில்லாத ரெஜிஸ்டர் அட்டவணை வந்தால் வேலையே கெடும். எந்தப் பக்கம் தவறவிடலாம் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

கேபிள் செருகினால் உறைந்த பலகை

அடுத்தது இன்னும் நயமான பிழை. பூட் ஆகும், ஷெல் வரும், எல்லாம் ஓடும். நெட்வொர்க் கேபிளைச் செருகினால் பலகை உறைந்துவிடும். சீரியலில் தட்டினால் பதில் கிடையாது.

செய்திகளை முற்றிலும் அணைத்திருந்தபோது இந்தத் தொல்லை வரவில்லை. முழுதாக இருந்தபோதும் வரவில்லை. நடுவில் வைத்தால் மட்டும் வருகிறது. இது என்னை நன்றாகவே குழப்பியது.

பலகையோடு வந்த, மூல கெர்னலில் இல்லாத ஒரு ஸ்விட்ச் டிரைவரில் விடை இருந்தது. இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (வன்பொருள் கவனம் கேட்கும்போது ஓடும் ஃபங்ஷன்) ஒரு பிஆர்-இன்ஃபோ: "இணைப்பு நிலை மாறியது" என்று சொல்லி, காட்டவேண்டிய மதிப்பின் இடத்திலேயே நிலை ரெஜிஸ்டரை வாசிக்கிறது. அந்த ரெஜிஸ்டரோ வாசித்தால் தானே அழியும் வகை. வாசிப்பதுதான் இன்டரப்ட் வந்ததை ஒப்புக்கொள்ளும் செயல். செய்தியை வெட்டியதும் வாசிப்பும் போயிற்று. இன்டரப்ட் அழியவில்லை, ஹேண்ட்லர் முடிந்த கணமே மறுபடி அழைக்கப்பட்டது, முடிவே இல்லாமல்.

முற்றிலும் அணைத்தபோது ஏன் தப்பியது? அந்த அமைப்பில் உண்மையான ஃபங்ஷனின் இடத்தில், உள்ளே ஒன்றும் செய்யாத ஒரு இன்லைன் ஃபங்ஷன் உட்கார்ந்திருக்கிறது. அழைப்பு வெறுமையானாலும், அனுப்பப்படும் மதிப்புகள் கணக்கிடப்பட்ட பிறகுதான் அந்த வெறுமைக்குள் போகின்றன. ரெஜிஸ்டர் வாசிப்பைக் கம்பைலர் தானாக நீக்கக் கூடாது என்பதால் அது பிழைத்துக்கொள்கிறது. என் இஃப் அப்படியல்ல. உள்ளே இருப்பதை முழுசாகச் சாப்பிட்டுவிடும்.

வாசிப்பைத் தனி வரியாக வெளியே எடுத்து, ஒரு மாறியில் வைத்து, அதைச் செய்திக்குக் கொடுத்தேன். சரியாயிற்று. அதோடு நிற்காமல், என் அமைப்பில் கம்பைல் ஆகும் எல்லாக் கோப்புகளிலும் செய்தி அழைப்புக்குள் வேறொரு ஃபங்ஷன் அழைப்பு இருக்கும் இடங்களைத் தேடிப் பார்த்தேன். பெரும்பாலானவை பெயரையோ முகவரியையோ எடுத்துத் தருபவை, விட்டுவிட்டால் எந்தப் பாதகமும் இல்லை. ஆனால் வேலையைச் செய்தியின் மடியில் வைத்து எழுதும் இந்தப் பழக்கம் கெட்டது. செய்தி என்பது எடுத்துவிட்டாலும் நிரல் ஓடவேண்டிய ஒன்று.

4ஆ, 5ஆ

வரம்பு 4இல் சில நாள் ஓட்டினேன். நோட்டீஸும் இன்ஃபோவும் இல்லை. பூட் ஆகும்போது திரை ஏறக்குறைய காலியாக இருந்தது. பிறகு சின்னச் சின்ன இழப்புகள் தெரிய ஆரம்பித்தன. முதல் வரியில் வரும் கெர்னல் பதிப்பு விவரம் நோட்டீஸ் நிலை. பூட் வரியை அப்படியே எழுதிக் காட்டுவதும் நோட்டீஸ். ஃபிளாஷ் பகுதிகள் எத்தனை உருவாயின என்பதும் நோட்டீஸ்தான். அந்த மூன்றும் இல்லாமல் ஒரு லாகைப் பார்த்தால், இது எந்தக் கெர்னலின் லாக் என்றே சொல்ல முடியவில்லை.

வரம்பை 5க்கு ஏற்றினேன். கோப்பு வளர்ந்தது மிகக் கொஞ்சம்தான். என் அமைப்பில் நோட்டீஸ் நிலையில் எழுதுபவர்கள் குறைவு, எழுதியவையும் பெரும்பாலும் பயனுள்ளவை. எடை முழுவதும் இன்ஃபோவில் இருக்கிறது.

வரம்பு வைத்த பிறகு நிலைகளை உன்னிப்பாக வாசிக்கத் தொடங்கினேன். சங்கடமான ஓர் உண்மை புலப்பட்டது: நிலை என்பது அளந்து வைத்த எண் அல்ல, எழுதியவரின் கருத்து. நினைவகம் கிடைக்காமல் டிரைவர் தோற்றுத் திரும்பும் இடத்தில்கூட இன்ஃபோ என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். மறுபுறம், ஒரு தீங்கும் இல்லாத இயல்பு மதிப்பைப் பயன்படுத்தியதற்கு எர்ரர் போட்டிருப்பதையும் பார்த்தேன். திரையில் வடிகட்டும்போது இது பெரிய விஷயமல்ல, செய்தி பஃபரிலாவது இருக்கும். கம்பைல் நேரத்தில் வெட்டும்போது அந்தத் தவறான மதிப்பீடு நிரந்தரமாகிவிடுகிறது. ஆகவே நான் பயன்படுத்தும் டிரைவர்கள் அனைத்திலும், தோல்விப் பாதையில் இன்ஃபோ எழுதிய இடங்களைத் தேடி ஏழு வரிகளை வார்னிங்காக மாற்றினேன். இணைப்பு வந்தது, போனது என்று சொல்லும் நெட்வொர்க் வரி இன்ஃபோ நிலைதான். அதையும் கையால் நோட்டீஸுக்கு உயர்த்தினேன், தொலைவிலிருந்து பலகையைப் பார்க்கும்போது நான் முதலில் தேடும் வரி அது.

அளந்ததில் ஏமாந்தது

எவ்வளவு மிச்சமானது என்று பார்க்க முதலில் புளோட்-ஓ-மீட்டரை ஓட்டினேன். கெர்னலைச் சிறிதாக்கும் லினக்ஸ்-டைனி முயற்சியைத் தொடங்கிய மேட் மேக்கால் எழுதிய ஸ்கிரிப்ட் அது. கெர்னல் மூலத்தோடேயே வருகிறது. இரண்டு விஎம்லினக்ஸ் (சுருக்காத கெர்னல்) கோப்புகளைக் கொடுத்தால் எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் சுருங்கியது என்று பட்டியலிடும். அது காட்டிய மொத்தம் எதிர்பார்த்ததைவிட வெகு குறைவு, மனசு சோர்ந்துபோனது. காரணம் பிறகுதான் உறைத்தது: அது ஃபங்ஷன், மாறி போன்ற பெயருள்ள சிம்பல்களை மட்டுமே எண்ணும். செய்தியின் சரங்களுக்குப் பெயர் இல்லை, ஆகவே அழைப்பு நிரல் மெலிந்தது மட்டும் கணக்கில் வந்திருந்தது. சைஸ் கட்டளை கொடுத்துப் பார்த்தபோதுதான் முழு எடை தெரிந்தது. வாசிக்க மட்டுமான தரவுகளையும் அது டெக்ஸ்ட் பகுதியோடு சேர்த்தே எண்ணுகிறது.

அதிலும் ஒரு கழிவு உண்டு. மனிதர் வாசிக்கும் வாக்கியங்கள் நன்றாகச் சுருங்கக்கூடியவை. சுருக்காத கெர்னலில் நூறு பைட் போனால், சுருக்கிய கோப்பில் நூறு போகாது. ஃபிளாஷுக்காக வேலை செய்பவர்கள் சுருக்கிய கோப்பின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது, மற்றது வீண் மகிழ்ச்சி. வரம்பு 5 வைத்து, கையால் மாற்றியவை எல்லாம் சேர்ந்த பிறகு என் கோப்பு 2 எம்பிக்கு 3 கிலோபைட் கீழே நின்றது.

எதிர்பாராமல் கிடைத்த அரை எம்பி

லாக் பஃபரின் அளவைத் தீர்மானிக்கும் ஷிஃப்ட் எண்ணை ஆரம்பத்தில் நான் கண்டுகொள்ளவில்லை. இயல்பு 17, அதாவது 2இன் 17ஆம் அடுக்கு, 128 கிலோபைட். அது நினைவகத்தில் மட்டும் இடம் பிடிப்பது, ஃபிளாஷுக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிவைத்திருந்தேன். சைஸ் கட்டளையின் டேட்டா பகுதி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று துருவியபோது மறுபடி அங்கேயே வந்து நின்றேன்.

லினக்ஸ் 5.10இல் பிரிண்ட்கேயின் பஃபர் புது வடிவம் பெற்றது. எழுத்துகளுக்கு ஓர் இடம், ஒவ்வொரு செய்தியின் விவரத்துக்கும் வேறு அட்டவணைகள். ஒரு செய்தி சராசரியாக 32 பைட் என்று வைத்துக்கொண்டு அட்டவணைகளின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். 128 கிலோபைட்டை 32ஆல் வகுத்தால் 4,096 செய்திகள். ஒவ்வொன்றுக்கும் 88 பைட் விவரம்: வரிசை எண், நேரம், நீளம், நிலை, எந்தச் சாதனம் சொன்னது என்பதற்கு 64 பைட். அந்த 88இல் நிலைக்குக் கிடைப்பது மூன்றே மூன்று பிட்; எட்டு நிலைக்கு அது போதும். இதுபோக 32 பிட் செயலியில் 12 பைட் குறிப்பான். ஆகச் செய்திக்கு 100 பைட். 4,096 முறை என்றால் 400 கிலோபைட்! பஃபர் 128 என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மொத்தத்தில் அது 528 பிடித்திருந்தது. 32 எம்பி பலகையில் இது வலிக்கும்.

இந்த அட்டவணைகளில் ஓரிரண்டு இடங்களுக்குத் தொடக்க மதிப்பு கொடுத்திருப்பதால், முழு அட்டவணையும் டேட்டா பகுதியில் விழுகிறது. பெரும்பாலும் பூஜ்ஜியங்கள்தான், சுருக்கும்போது ஏறக்குறைய மறைந்துவிடும். ஃபிளாஷில் இதனால் கிடைத்தது அற்பம். நினைவகத்தில் கிடைத்ததுதான் பெரிது.

ஷிஃப்ட் எண்ணை 12 வரை இறக்கலாம். அப்போது எழுத்துக்கு 4 கிலோபைட், விவரத்துக்கு பன்னிரண்டரை, ஆக மொத்தம் பதினாறரை. ஆசையாக இருந்தது. ஆனால் 4 கிலோபைட் பஃபரில் ஒரு ஊப்ஸும் அதற்கு முன்னால் நடந்த கதையும் சேர்ந்து அடங்காது. பழையதை அழித்துவிட்டுத்தான் புதியது எழுதப்படும். 14 என்று வைத்தேன். எழுத்துக்கு 16, விவரத்துக்கு 50, மொத்தம் 66 கிலோபைட். இன்ஃபோ வரிகள் ஏற்கெனவே இல்லாததால் பூட் முழுவதும் அதில் அடங்கி, மிச்ச இடமும் இருக்கிறது. 462 கிலோபைட் நினைவகம் திரும்பக் கிடைத்தது.

கால்சிம்ஸ் இல்லாததால் ஊப்ஸில் இப்போது ஃபங்ஷன் பெயர்கள் வருவதில்லை, வெறும் முகவரிகள்தான். அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கம்பைலின் விஎம்லினக்ஸையும், முகவரிகளின் பட்டியலான சிஸ்டம்மேப் கோப்பையும் பதிப்பு எண்ணோடு சேமித்து வைக்கிறேன். முகவரியை அட்ர்-டு-லைன் கருவியிடம் கொடுத்தால் கோப்பும் வரி எண்ணும் சொல்லிவிடும். எந்தப் பதிப்பு என்பதை லாகின் முதல் வரியே சொல்கிறது. வரம்பை 5இல் வைத்ததன் உடனடிப் பயன் அதுதான். டீபக் விவரங்களோடு கம்பைல் செய்தாலும், ஃபிளாஷுக்குப் போகும் கோப்பில் அவை நீக்கப்பட்டிருக்கும் என்பதால் அளவு கூடாது.

வரம்புக்காகக் கெர்னல் மூலத்தில் நான் செய்த மாற்றங்களின் பேட்ச் மொத்தம் நான்கு கோப்புகளைத் தொடுகிறது: மூன்று ஹெடர், மெனுவில் வரம்பைக் கேட்க, மெனுவை விவரிக்கும் கேகான்ஃபிக் கோப்பில் ஒரு வரி. டிரைவர்களில் கையால் மாற்றியவை தனிப் பேட்சாக இருக்கின்றன, ஏனென்றால் அவற்றின் நிலைத் திருத்தங்கள் என் வரம்பு இல்லாதவர்களுக்கும் பொருந்தும். 6.6இன் அடுத்தடுத்த திருத்தப் பதிப்புகள் வரும்போது முதல் பேட்ச் தகராறு இல்லாமல் உட்காருகிறது. ஒவ்வொரு முறையும் ஏற்றிய பிறகு சோதனை மாட்யூலை ஓட்டி, ரெஜிஸ்டர் அட்டவணையில் மதிப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். பிறகு கேபிளைச் செருகி எடுக்கிறேன். நேற்று ஏற்றியதில் இரண்டும் சரியாக இருந்தன, கோப்பு எல்லைக்கு 2 கிலோபைட் கீழே நிற்கிறது.